அயல்நாட்டுப் போலீஸ்காரரும் ஒரு பெருவிரல் ரேகையும்

ஒரு கிராமத்தில் திருட்டு நடந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அவ்வூர்ப் போலீஸ்காரர் முதலில் என்ன செய்வார்? டீக்கடையில் போய் உட்காருவார். யார் கையில் திடீரென்று பணம் புழங்குகிறது, யார் இரண்டு நாளாக ஊரில் இல்லை, யாருக்கும் யாருக்கும் பகை என்று விசாரிப்பார். சந்தேகத்திற்குரியவன் யாருடைய மகன், அவனுடைய மாமன் வீடு எந்த ஊர் என்பதெல்லாம் அவருக்கு முன்பே தெரிந்திருக்கும். பேச்சில் சிறு தடுமாற்றம் இருந்தாலும் கண்டுகொள்வார். துப்பறியும் தொழிலில் பெரும்பகுதி இப்படிப்பட்ட ஊர் அறிவுதான்.

அதே போலீஸ்காரரைக் கடல் கடந்து கொண்டுபோய் ஓர் அயல்நாட்டில் விட்டால் என்ன ஆகும்? மொழி புதிது. முகங்கள் புதியவை. யார் சொல்வது மெய், யார் சொல்வது பொய் என்று பேச்சை வைத்து எடைபோட முடியாது. போதாக்குறைக்கு அந்நகரில் வாழ்பவர்களிலும் பாதிப்பேர் நேற்றுக் கப்பலில் வந்து இறங்கியவர்கள் என்றால், அங்கே யாரைக் கேட்டு யாரை அறிவது?

இந்த நெருக்கடியைத்தான் சென்ற நூற்றாண்டுக்கும் முந்தைய நூற்றாண்டின் இறுதியில் ஒரு மனிதர் எதிர்கொண்டார். பிறந்த நாடு ஒன்று, போலீஸ் வேலை பார்த்த நாடு வேறு. ஊர் அறிவு உதவாத இடத்தில் உதவக்கூடிய ஒரு சான்றை அவர் தேடினார். அந்தச் சான்று நம் ஒவ்வொருவரின் விரல் நுனியிலும் இருந்தது.

தீவிலிருந்து வந்தவர்

அவர் பெயர் இவான் வுசெட்டிச். 1858-ஆம் ஆண்டு ஏட்ரியாட்டிக் கடலில் உள்ள ஹ்வார் என்னும் தீவில் பிறந்தார். அத்தீவு அப்போது ஆஸ்திரியப் பேரரசைச் சேர்ந்திருந்தது. இன்று குரோஷியா நாட்டில் உள்ளது. 1880-களில், தம் இருபத்தைந்தாம் வயதை ஒட்டி, அவர் தென் அமெரிக்காவிலுள்ள அர்ஜென்டினாவுக்குக் குடியேறினார். அங்கே பேசப்படுவது ஸ்பானிய மொழி. இவான் என்ற பெயர் அந்நாட்டு வழக்கப்படி யுவான் என்று மாறியது.

அக்காலத்து அர்ஜென்டினா எப்படிப்பட்ட நாடு என்பதைத் தெரிந்துகொண்டால்தான் பின்னால் நடந்தது விளங்கும். இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் ஐரோப்பாவின் பிற பகுதிகளிலிருந்தும் ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் அங்கே வந்து இறங்கிக்கொண்டிருந்தனர். 1895-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி அந்நாட்டில் ஏறத்தாழ 40 இலட்சம் பேர் இருந்தனர். அவர்களுள் நான்கில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர். பியூனஸ் அயர்ஸ் நகரத்தில் மட்டும் பார்த்தால் இருவரில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர்!

பியூனஸ் அயர்ஸ் நகரம் நாட்டின் தலைநகரமாக ஆக்கப்பட்டதால், அதே பெயருடைய மாகாணத்திற்கு வேறு தலைநகரம் தேவைப்பட்டது. அதற்காக 1882-இல் திட்டமிட்டுப் புதிதாக எழுப்பப்பட்ட நகரம் லா பிளாட்டா. தெருக்களே புதியவை. அங்கே பரம்பரையாக வாழ்ந்த குடும்பம் என்று ஒன்றும் கிடையாது. 1888-இல் வுசெட்டிச் இந்நகரின் போலீஸ் தலைமையகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சில ஆண்டுகளில் புள்ளிவிவரப் பிரிவின் பொறுப்பு அவரிடம் வந்தது.

பிடிபட்டவன் தன் பெயர் பெத்ரோ என்கிறான். உண்மையில் அவன் பியெத்ரோவாக இருக்கலாம். சென்ற ஆண்டு வேறொரு ஊரில் வேறொரு பெயரில் தண்டனை பெற்றவனாகவும் இருக்கலாம். அவனை அறிந்த உறவினர் அருகில் இல்லை. பிறந்த ஊரின் பதிவேடு கடலுக்கு அப்பால் இருக்கிறது. பெயர் என்பது எவ்வளவு எளிதில் மாறக்கூடியது என்பதற்கு இவான் என்று பிறந்து யுவான் ஆகிவிட்ட வுசெட்டிச்சே ஓர் எடுத்துக்காட்டு அல்லவா?

உடலை அளக்கும் முறை

பெயர் பொய் சொல்லலாம். உடல் பொய் சொல்லுமா? இந்தக் கேள்விக்குப் பாரிஸ் நகரப் போலீஸில் எழுத்தராக இருந்த அல்போன்ஸ் பெர்டியோன் ஒரு விடை கண்டிருந்தார். மனிதனுக்கு ஏறத்தாழ இருபது வயது ஆனபின் எலும்புகளின் நீளம் மாறுவதில்லை. ஆகவே பிடிபட்டவனின் உயரம், கைகளை விரித்த நீளம், தலையின் நீள அகலங்கள், இடக்கை நடுவிரல், இடக் காலடி, வலக் காது என்று 11 அளவுகளை எடுத்து அட்டையில் குறித்து வைத்தால், அவன் மறுமுறை எந்தப் பெயரில் வந்தாலும் அடையாளம் காணலாம். 1880-களில் இம்முறை பாரிஸில் வெற்றி பெற்றது. உலக நாடுகளின் போலீஸ் துறைகள் அதைப் பின்பற்ற முந்தின.

1891-இல் லா பிளாட்டாவின் போலீஸ் தலைவரும் இத்தகைய அளவெடுப்பு நிலையம் ஒன்றை அமைக்கும்படி வுசெட்டிச்சைப் பணித்தார். அவரும் அமைத்தார். ஆனால் குறைகள் விரைவில் தெரிந்தன. ஒரே மனிதனை இரண்டு பேர் அளந்தால் இரண்டு அளவுகள் வரும். அளவுக் கருவியைச் சற்று இறுக்கினாலோ தளர்த்தினாலோ சில மில்லிமீட்டர் மாறிவிடும். வளரும் வயதிலுள்ள இளைஞர்களுக்கு இம்முறை பயன்படாது. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை ஒன்று உண்டு. எந்தத் திருடனும் தன் தலையின் நீளத்தையோ காதின் அளவையோ திருடிய வீட்டில் விட்டுச் செல்வதில்லை. பிடிபட்டவன் யார் என்று சொல்ல அளவெடுப்பு உதவும். பிடிபடாதவன் யார் என்று சொல்ல உதவாது.

அந்த ஆண்டிலேயே ‘ரெவ்யூ சியென்டிபிக்’ என்னும் பிரெஞ்சு அறிவியல் இதழின் பிரதி ஒன்று வுசெட்டிச்சின் கைக்கு வந்தது. இங்கிலாந்து அறிஞர் பிரான்சிஸ் கால்ட்டன் விரல் ரேகைகளைப் பற்றிச் செய்த ஆராய்ச்சியை விளக்கும் கட்டுரை அதில் இருந்தது. ஓர் அறிவியல் இதழின் கட்டுரை எத்தனை தொலைவு சென்று வேலை செய்யும் என்பதற்கு இது நல்ல சான்று. 1891 செப்டம்பர் 1 அன்று வுசெட்டிச் 23 கைதிகளின் பத்து விரல் ரேகைகளையும் மையில் ஒற்றிப் பதிவு செய்தார்.

சங்கும் சக்கரமும்

விரல் நுனியைச் சற்று உற்றுப் பாருங்கள். மெல்லிய மேடுகளும் பள்ளங்களும் உழுத வயலின் சால்போல வரிசையாக ஓடுவதைக் காண்பீர்கள். குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போதே, மூன்றாம் நான்காம் மாதங்களில், இம்மேடுகள் உருவாகிவிடுகின்றன. வளர வளர அவை பெரிதாகுமே தவிர அவற்றின் அமைப்பு மாறுவதில்லை. மேல்தோல் உரிந்தாலும் அடியிலுள்ள அடுக்கிலிருந்து அதே வடிவம் மீண்டும் தோன்றும். அடித்தோலைத் தாக்கும் ஆழமான காயம் மட்டுமே தழும்பை விடும். மரபணுக்கள் ஒரே மாதிரி அமைந்த இரட்டைப் பிள்ளைகளுக்குக்கூட ரேகைகள் வேறு வேறாகவே இருக்கின்றன. கருவில் விரலின் வளர்ச்சி வேகம், அதைச் சூழ்ந்த நீரின் அழுத்தம் போன்றவையும் மேடுகளின் போக்கைப் பாதிப்பதே காரணம்.

இம்மேடுகளின் உச்சியில் வியர்வைத் துளைகள் உள்ளன. எனவே விரல் படும் இடத்தில் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் அச்சாகப் பதிந்துவிடும். விரலில் மையோ இரத்தமோ இருந்தால் அச்சு கண்ணுக்கே தெரியும். தலையின் நீளத்தை விட்டுச் செல்லாத திருடன் விரலின் அச்சை விட்டுச் செல்கிறான்.

ரேகை என்றவுடன் நம்மவர்களுக்குச் சோதிடம் நினைவுக்கு வரும். விரல் நுனியில் எத்தனை சங்கு, எத்தனை சக்கரம் என்று எண்ணிப் பலன் சொல்வார்கள். அந்தப் பலனுக்கு அறிவியல் ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் அவ்வாறு எண்ணியவர்களின் கண் கூர்மையானதுதான். நாம் சக்கரம் என்பது அறிவியலார் சுழி என்று வகுக்கும் வடிவம். சங்கு என்பது கண்ணி வடிவம். இவ்விரண்டும் இல்லாமல் ரேகைகள் ஒரு பக்கம் தொடங்கி மேலே வளைந்து மறுபக்கம் இறங்கினால் அது வில் வடிவம். மனித விரல்களில் ஏறத்தாழ 60 முதல் 65 விழுக்காடு கண்ணிகள், 30 முதல் 35 விழுக்காடு சுழிகள், 5 விழுக்காடு விற்கள் எனலாம்.

அச்செடுப்பது எளிது, எடுத்த அச்சுகளுள் வேண்டியதைத் தேடி எடுப்பதே கடினம். பத்தாயிரம் அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தால் திருடன் முதுமையடைந்து இறந்தே போவான். ஆகவே அகராதியில் சொற்களை அடுக்குவதுபோல ரேகைகளை அடுக்க ஒரு முறை தேவை. வுசெட்டிச்சின் பெரும் பணி இதுதான். தொடக்கத்தில் அவர் ரேகைகளை 101 வகைகளாகப் பிரித்தார். நடைமுறையில் அது சிக்கலாக இருந்ததால் பின்னர் நான்கே அடிப்படை வகைகளாகச் சுருக்கினார். வில் ஒன்று, இடப்பக்கம் திறந்த கண்ணி இரண்டு, வலப்பக்கம் திறந்த கண்ணி மூன்று, சுழி நான்கு. பெருவிரலுக்கு மட்டும் எண்ணுக்குப் பதிலாக அந்த வகைப் பெயரின் முதலெழுத்து.

இப்போது ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒவ்வொரு விரலுக்கும் நான்கு வாய்ப்புகள். பத்து விரல்களுக்கும் நான்கைப் பத்து முறை பெருக்கினால் 10,48,576 வருகிறது. அதாவது பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட அறைகள் கொண்ட ஓர் அலமாரி! எல்லா அறைகளும் ஒரே சீராக நிரம்புவதில்லை. கண்ணிகளே மிகுதியானதால் சில அறைகளில் நெரிசல் இருக்கும். அங்கே மேலும் நுட்பமான பிரிவுகள் செய்துகொள்ளலாம். எப்படியாயினும் ஆயிரக்கணக்கான அட்டைகளிலிருந்து ஒன்றைச் சில நிமிடங்களில் எடுத்துவிட முடிந்தது. அதற்கு அந்த மனிதனின் மொழியோ பெயரோ பிறந்த ஊரோ தெரிய வேண்டியதே இல்லை.

நெக்கோச்சியாவில் நடந்த கொலை

இம்முறை தொடங்கி ஓராண்டு நிறைவதற்குள் அதற்கு ஒரு சோதனை வந்தது. பியூனஸ் அயர்ஸ் மாகாணத்தின் தென்பகுதியில், அட்லாண்டிக் கடற்கரையில், நெக்கோச்சியா என்னும் ஊர் உள்ளது. 1892 ஜூன் மாதத்தில் அங்கே ஒரு குடிசையில் இரண்டு குழந்தைகள் கொலையுண்டு கிடந்தனர். மகனுக்கு ஆறு வயது. மகளுக்கு நான்கு வயது. தாய் பிரான்சிஸ்கா ரோஹாஸின் கழுத்திலும் காயம் இருந்தது. அருகில் வசித்த வெலாஸ்கெஸ் என்னும் பண்ணைத் தொழிலாளிதான் இதைச் செய்தவன் என்று அவள் கூறினாள்.

இங்கே கவனிக்க வேண்டியது, உள்ளூர்ப் போலீஸார் ஊர் அறிவைக் கொண்டே நடந்தார்கள் என்பதாகும். பெற்ற தாய் பெயரைச் சொல்லிக் குற்றம் சாட்டுகிறாள். வேறு என்ன வேண்டும்? வெலாஸ்கெஸைப் பிடித்து அடித்தார்கள். அவன் மறுத்தான். குழந்தைகளின் உடல்களுக்கு அருகில் இரவெல்லாம் கட்டிப் போட்டார்கள். அப்போதும் அவன் மறுத்தான். அடியை நிறுத்துவதற்காகவாவது அவன் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தால் வழக்கு அன்றே முடிந்திருக்கும்.

லா பிளாட்டாவிலிருந்து இன்ஸ்பெக்டர் எதுவார்தோ ஆல்வாரெஸ் அனுப்பப்பட்டார். அவர் வுசெட்டிச்சிடம் விரல் ரேகை முறையைக் கற்றவர். நெக்கோச்சியாவில் அவர் வெளியூர்க்காரர். யார் நல்லவர், யார் கெட்டவர் என்ற ஊர்ப் பேச்சு அவருக்குத் தெரியாது. சம்பவ நேரத்தில் வெலாஸ்கெஸ் வேறிடத்தில் இருந்தான் என்பதை முதலில் உறுதி செய்துகொண்டார். பிறகு குடிசைக்குச் சென்று அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். படுக்கையறைக் கதவில் பழுப்பு நிறத்தில் ஒரு கறை தென்பட்டது. உலர்ந்த இரத்தத்தில் பதிந்த பெருவிரல் அச்சு அது.

ஆல்வாரெஸ் அந்த இடத்து மரத்துண்டை அறுத்து எடுத்துக்கொண்டு போலீஸ் நிலையத்திற்குச் சென்றார். மைத்திண்டு ஒன்றை வரவழைத்து, ரோஹாஸின் வலக்கைப் பெருவிரலைக் காகிதத்தில் ஒற்றி எடுத்தார். பூதக்கண்ணாடியின் கீழ் இரண்டையும் வைத்துப் பார்த்தார். ரேகைகள் ஒத்திருந்தன. குழந்தைகளைத் தொடவே இல்லை என்று சொல்லியிருந்த தாய், இரண்டு அச்சுகளையும் கண்டதும் உண்மையை ஒப்புக்கொண்டாள். தான் மணக்க விரும்பியவன் குழந்தைகளை ஏற்க மறுத்ததே காரணம் என்றாள். அவளுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. வெலாஸ்கெஸ் விடுதலை பெற்றான்.

விரல் ரேகையைக் கொண்டு கொலையாளி கண்டறியப்பட்ட உலகின் முதல் வழக்கு இதுவே என்பது வரலாற்றாசிரியர்களின் பொதுவான கருத்து. இதைச் சொல்லும்போது குற்றவாளி அகப்பட்டதைத்தான் எல்லோரும் பெரிதாகச் சொல்வார்கள். குற்றமற்ற ஒருவன் தப்பியதும் அதே அளவுக்குப் பெரிய செய்தியல்லவா?

வேற்றூரில் பிறந்த அறிவியல்

வுசெட்டிச் ஒருவர் மட்டும்தான் இப்படி என்று எண்ண வேண்டாம். விரல் ரேகை வரலாற்றின் முதல் பக்கங்களைப் புரட்டினால் வியப்பான ஒரு செய்தி புலப்படுகிறது. அதில் வரும் முன்னோடிகளுள் பலர் பிறந்த நாட்டை விட்டு வேற்று நாட்டில் பணிபுரிந்தவர்கள்!

வங்காளத்தில் ஆங்கில அதிகாரியாக இருந்த வில்லியம் ஹெர்ஷல், 1858-இல் சாலைக்குப் பொருள் தர ஒப்பந்தம் செய்த ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கை அச்சைப் பத்திரத்தில் வாங்கினார். 1877-இல் ஹூக்ளி மாவட்டத்தில் பென்ஷன் வாங்குவோரின் விரல் அச்சைப் பதிவு செய்யும் வழக்கத்தைக் கொண்டு வந்தார். இறந்தவரின் பென்ஷனை வேறொருவர் வாங்குவதைத் தடுப்பதே நோக்கம்.

ஜப்பானில் மருத்துவப் பணி செய்த ஹென்றி ஃபால்ட்ஸ் ஸ்காட்லாந்துக்காரர். பழங்கால மண்பாண்டங்களில் பதிந்திருந்த குயவர்களின் விரல் அச்சுகளைக் கண்டு ஆராயத் தொடங்கினார். குற்றவாளிகளைக் கண்டறிய ரேகை உதவும் என்று 1880-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். டோக்கியோவில் ஒரு திருட்டில், வெள்ளைச் சுவரில் பதிந்த கரிபடிந்த கையச்சைக் கொண்டு, போலீஸார் பிடித்து வைத்தவர் திருடர் அல்லர் என்று அவர் காட்டினார். அங்கும் முதற்பயன் ஒரு நிரபராதியின் விடுதலைதான் என்பதை நோக்குக.

1891-இல் வங்காளப் போலீஸின் தலைவரான எட்வர்டு ஹென்றியும் ஆங்கிலேயர். அவருடைய பெயரால் வழங்கும் வகைப்பாட்டு முறையைக் கணக்கிட்டு உருவாக்கியதில் அஜீஸுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்னும் இரு இந்திய அதிகாரிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. அம்முறையில் 32-க்கு 32 என 1024 அறைகள் உள்ளன. 1897-இல் கல்கத்தாவில் விரல் ரேகை நிலையம் தொடங்கியது. 1901-இல் ஹென்றி லண்டன் ஸ்காட்லாந்து யார்டுக்குச் சென்றபோது கல்கத்தாவில் பழகிய முறையும் உடன் சென்றது. நம் நாட்டுப் போலீஸார் கையாண்டு வருவது இந்த வழியில் வந்த முறையே.

ஏன் இப்படி? உள்ளூர்க்காரருக்கு முகம் போதும், குரல் போதும். தூரத்தில் வருபவரின் நடையைக் கண்டே இன்னார் என்று சொல்லிவிடுவார். அவருக்கு விரல் நுனியைப் பார்க்க வேண்டிய அவசியம் எழவில்லை. அயலாருக்கோ இந்த வசதி இல்லை. வங்காளத்து ஆங்கில அதிகாரிகள் தம் ஆட்சிக்கு உட்பட்ட மக்களின் முகங்களைப் பிரித்தறிய முடியவில்லை என்று குறைப்பட்டதுண்டு. அக்குறை மக்களின் முகத்தில் இல்லை. பார்ப்பவரின் பழக்கமின்மையில் இருந்தது. எவ்வாறாயினும், பழக்கம் இல்லாமலேயே பயன்படக்கூடிய ஓர் அடையாளத்தை அவர்கள் தேட நேர்ந்தது.

ஆனால் வுசெட்டிச்சுக்கும் வங்காள அதிகாரிகளுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அவர்கள் ஆள வந்தவர்கள். இவர் பிழைக்க வந்தவர். தாம் பதிவு செய்த பலரைப் போலவே கப்பலில் வந்து இறங்கியவர்.

எதிர்ப்பும் வெற்றியும்

ஒரு கொலை வழக்கில் வென்றுவிட்டதால் உலகம் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. பெர்டியோனின் புகழ் அப்போது உச்சத்தில் இருந்தது. பாரிஸ் சொல்வதா, லா பிளாட்டா சொல்வதா என்றால் பலரும் பாரிஸ் பக்கமே சாய்ந்தனர். ஆயினும் வுசெட்டிச் தளரவில்லை. இவருடைய முறைக்கு ‘விரலை நோக்குதல்’ என்று பொருள்படும் ‘டாக்டிலோஸ்கோப்பி’ என்ற பெயரை 1894-இல் சூட்டியவர் பிரான்சிஸ்கோ லட்சினா. அவரும் ஆஸ்திரியப் பேரரசிலிருந்து அர்ஜென்டினாவுக்குக் குடியேறிய புள்ளியியல் அறிஞர்!

1896-இல் மாகாணப் போலீஸ் அளவெடுப்பை விட்டு விரல் ரேகைக்கே மாறியது. 1904-இல் வுசெட்டிச் தம் முறையை விளக்கும் பெருநூலை வெளியிட்டார். அதன்பின் தென் அமெரிக்க நாடுகள் பலவும் அவர் முறையைப் பின்பற்றின. ஸ்பானிய, போர்ச்சுக்கீசிய மொழி வழங்கும் நாடுகளில் வுசெட்டிச் முறையும், ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் ஹென்றி முறையும் பெரிதும் நிலைபெற்றன. 1914-இல் பெர்டியோன் மறைந்தபின் அளவெடுப்பு முறை மெல்ல மறைந்து போனது.

நாணயத்தின் மறுபக்கம்

ஆளை அறியாமலே ஆளை அடையாளம் காட்டும் கருவி நிரபராதியைக் காக்கும். அதே கருவி ஒரு மக்களினம் முழுவதையும் சந்தேகப் பட்டியலில் சேர்க்கவும் உதவும். இதற்குத் தமிழர்கள் சம்பந்தப்பட்ட எடுத்துக்காட்டு ஒன்று உண்டு.

எட்வர்டு ஹென்றி லண்டன் செல்வதற்கு முன், 1900-இல், தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் பகுதியில் போலீஸ் துறையை ஒழுங்குபடுத்த அனுப்பப்பட்டார். விரல் ரேகையும் அங்கே வேரூன்றியது. 1906-இல் அப்பகுதி அரசு ஒரு சட்டத்தைக் கொண்டு வந்தது. எட்டு வயதுக்கு மேற்பட்ட ஆசியர் ஒவ்வொருவரும் பதிவு செய்துகொள்ள வேண்டும். விரல் ரேகை தர வேண்டும். குற்றவாளிகளுக்கு உரியதைக் குற்றமற்றவர்கள் மீது, அதுவும் ஆசியர் என்ற ஒரே காரணத்திற்காகச் சுமத்தியதை எதிர்த்துக் காந்தியடிகள் 1906 செப்டம்பர் 11 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் கூட்டிய கூட்டமே சத்தியாக்கிரகத்தின் தொடக்கம். 1908 ஜனவரியில் அவரோடு சிறை சென்றவர்களுள் தம்பி நாயுடுவும் ஒருவர். அப்போராட்டத்தில் தமிழர்கள் பெரும் பங்கு கொண்டனர். கட்டாயம் நீக்கப்படும் என்ற உடன்பாட்டின் பேரில் காந்தியடிகள் தாமாகவே ரேகை கொடுக்க முன்வந்தார் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். அவர் எதிர்த்தது மையையும் காகிதத்தையும் அன்று. அவற்றைக் கொண்டு ஓர் இனத்தாரை இழிவுபடுத்தியதைத்தான்.

இதே கேள்வி வுசெட்டிச்சின் வாழ்விலும் எழுந்தது. குற்றவாளிகளை மட்டுமல்ல, குடிமக்கள் எல்லோரையுமே விரல் ரேகையால் பதிவு செய்யலாம் என்பது அவருடைய எண்ணம். காணாமற் போனவரைத் தேடவும் பெயர் தெரியாமல் இறந்தவரை அடையாளம் காணவும் அது உதவும் என்று கருதினார். 1916-இல் பியூனஸ் அயர்ஸ் மாகாணம் இதற்கென ஒரு பொதுப் பதிவகத்தைச் சட்டத்தால் ஏற்படுத்தி, அவரையே தலைவராக்கியது. மக்களிடம் எதிர்ப்புக் கிளம்பியது. அடுத்த ஆண்டே அச்சட்டம் நீக்கப்பட்டு, பதிவேடுகளை அழிக்கும்படி ஆணை பிறந்தது. வாழ்நாளெல்லாம் தொகுத்த உழைப்பு அழிவதைக் காணும் நிலை அவருக்கு ஏற்பட்டது. 1925 ஜனவரி 25 அன்று டொலோரெஸ் என்னும் ஊரில் அவர் காலமானார்.

எல்லோரையும் பதிவு செய்வது நன்மையா, அத்துமீறலா என்ற வாதம் அவரோடு முடியவில்லை. இன்று பத்து விரல் ரேகைகளையும் இலட்சக்கணக்கான பதிவுகளோடு கணிப்பொறி நொடிப்பொழுதில் ஒப்பிடுகிறது. நம் நாட்டில் ஆதார் பதிவுக்கும் விரல் ரேகை எடுக்கப்படுகிறது. கருவி வளர்ந்திருக்கிறது, யார் கையில், எந்த வரம்புக்குள் அது இருக்க வேண்டும் என்ற கேள்வியும் கூடவே வளர்ந்திருக்கிறது.

முடிவு சொல்பவர் மனிதரே

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. ரேகை பொய் சொல்லாது என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் அதைப் படிப்பவர் தவறலாம். 2004-இல் ஸ்பெயினின் மாட்ரிட் நகரில் ரயில்களில் குண்டுகள் வெடித்தன. ஒரு பையில் கிடைத்த மங்கலான விரல் அச்சு அமெரிக்க வழக்கறிஞர் ஒருவருடையது என்று அந்நாட்டின் தேர்ந்த நிபுணர்களே முடிவு கட்டினர். அவர் இரண்டு வாரம் காவலில் இருந்தார். அது வேறொருவரின் அச்சு என்பதை ஸ்பெயின் போலீஸார் கண்டறிந்த பிறகே விடுவிக்கப்பட்டார். நெக்கோச்சியாவில் ஒரு நிரபராதியை விடுவித்த அதே கலை, கவனம் குறைந்தால் இன்னொரு நிரபராதியைச் சிறைக்கு அனுப்பவும் வல்லது. அதனால்தான் ஒருவர் செய்த ஒப்பீட்டை, முதலாமவரின் முடிவு தெரியாத மற்றொருவர் தனியே செய்து பார்க்க வேண்டும் என்று அறிவியலார் வலியுறுத்துகின்றனர்.

இன்று அர்ஜென்டினாவில் ஒரு போலீஸ் பயிற்சிப் பள்ளி யுவான் வுசெட்டிச் பெயரைத் தாங்கியுள்ளது. குரோஷியாவின் தலைநகரான ஜாக்ரெபில் உள்ள தடய அறிவியல் மையம் இவான் வுசெட்டிச் பெயரைத் தாங்கியுள்ளது. பிறந்த நாடு ஒரு பெயரால் அழைக்கிறது. புகுந்த நாடு ஒரு பெயரால் அழைக்கிறது. எந்தப் பெயரால் அழைத்தாலும் அவருடைய விரல் ரேகை ஒன்றுதான். அவர் உலகுக்கு நிறுவிக் காட்டியதும் அதுவே.